வெள்ளை ராஜாளியும் நீலக் குதிரையும்

ஒருவரை உள்ளன்போடு நேசிக்கும் நெஞ்சம், அவர் தொட்டவற்றையும் வளர்த்தவற்றையும் சேர்த்தே நேசிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா சென்றடைந்தபோது, தத்தம் இல்லத்தில் தங்குமாறு ஒவ்வொரு குடும்பத்தாரும் வேண்டி நின்றனர். தம் ஒட்டகமாகிய கஸ்வா இறைவனின் ஆணைப்படியே செல்கிறது, அதன் வழியை விட்டுவிடுங்கள் என்று அண்ணலார் அறிவித்தார்கள். அது மண்டியிட்ட இடத்தில்தான் மஸ்ஜிதுன் நபவி எழுந்தது. பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்த ஒட்டகத்தின் பெயர் நம் பிள்ளைகளின் நாவில் இருக்கிறது. நாம் அதனை வணங்கவில்லை, மறக்கவுமில்லை.

இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க வேண்டிய தருணம் ஒன்று அண்மையில் எனக்கு வாய்த்தது. ஸூரத்துல் மாயிதாவில், வேட்டைக்குப் பழக்கப்பட்ட பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று அனுமதிக்கும் வசனத்திற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் வரும் ‘ஜவாரிஹ்’ என்னும் சொல்லில் வேட்டை நாயும் அடங்கும், ராஜாளியும் அடங்கும் என்றேன். உடனே ஒரு மாணவர், “ஹஜ்ரத், பஞ்சாபிலிருந்து வரும் லாரிகளில் தலைப்பாகை அணிந்த பெரியவர் ஒருவர் கையில் பறவையோடு நிற்கும் படம் இருக்கிறதே, அந்தப் பறவையைத்தான் அவர்கள் வணங்குகிறார்களா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. கேள்வி நல்ல கேள்வி. அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அறியாததைக் கண்டு சிரிப்பது இல்மைத் தேடுவோருக்கு அழகன்று.

படத்தில் இருப்பவர் சீக்கியர்களின் பத்தாவது குருவான கோவிந்த் சிங் (1666–1708). வெள்ளை ராஜாளியை ஏந்தியவர் என்றும், நீலக் குதிரையில் ஊர்ந்தவர் என்றும் பஞ்சாபியர் அவரைப் பாசத்தோடு குறிப்பிடுகின்றனர். ஆனால் சீக்கிய மார்க்கம் உருவ வழிபாட்டை மறுப்பது. இறைவன் ஒருவனே என்னும் முழக்கத்தோடு தொடங்குவது. அப்படியிருக்க, பறவைக்கும் குதிரைக்கும் அவர்கள் நெஞ்சில் இவ்வளவு பெரிய இடம் எப்படி வந்தது?

விடைக்கு ஆறாவது குருவான ஹர்கோவிந்திடம் (1595–1644) செல்ல வேண்டும். அவருடைய தந்தையாராகிய ஐந்தாவது குரு அர்ஜன், ஜஹாங்கீரின் ஆட்சியில் 1606இல் லாகூரில் உயிரிழந்தார். அதன்பின் மகன் இரண்டு வாள்களை அணிந்தார். ஒன்று ‘மீரி’, மற்றொன்று ‘பீரி’. அரபி கற்றோருக்கு இச்சொற்கள் அந்நியமல்ல. ‘அமீர்’ என்பதிலிருந்து வந்தது முன்னது. ஞானாசிரியரைக் குறிக்கும் ‘பீர்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது பின்னது. உலக அதிகாரமும் ஆன்மிகமும் ஒருவரிடத்தில் இணைந்தன என்பது பொருள். ராஜாளியும் உயர்சாதிக் குதிரையும் அந்நாளில் அரசர்க்குரிய அடையாளங்கள். அவற்றை ஒரு குரு வைத்துக்கொள்வது, இறைவனுக்கன்றி எவருக்கும் தலைவணங்கோம் என்று வாய் திறவாமல் சொல்வதாகும்.

ஷாஜஹானின் வேட்டைக் குழுவினர் தவறவிட்ட ராஜாளி ஒன்று சீக்கியர் கையில் சிக்க, அதனால் அமிர்தசரஸில் சண்டை மூண்டதாக அவர்கள் வரலாறு கூறுகிறது. தில்பாக், குல்பாக் என்னும் இரு குதிரைகளின் கதை இன்னும் சுவையானது. பக்தர் ஒருவர் குருவுக்காகக் காபூலிலிருந்து கொண்டுவந்த அவற்றை முகலாய அதிகாரிகள் பறித்து லாகூர்க் கோட்டையில் கட்டிவைத்தனராம். பீதி சந்த் என்னும் சீடர் புல்வெட்டியாக வேடமிட்டுப் புகுந்து முதற் குதிரையையும், மறுமுறை வேறு வேடத்தில் சென்று இரண்டாவதையும் மீட்டு வந்தாராம். நெஞ்சத் தோட்டம், மலர்த் தோட்டம் என்று பொருள்படும் அப்பெயர்களை இன்றும் சீக்கியத் தாய்மார் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றனர்.

ஹர்கோவிந்தின் பேரர் ஹர்ராய் (1630–1661) ஏழாவது குரு. சிறுவராக இருந்தபோது தம் அங்கி பட்டு மலர்கள் உதிர்ந்ததைக் கண்டு வருந்தியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வர். வேட்டைக்குச் செல்வார், ஆனால் கொல்லமாட்டார். பிடித்த விலங்குகளைக் கீரத்பூருக்குக் கொண்டுவந்து, தோட்டத்தில் வைத்துப் பேணினார். நம் உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் படித்து உருகும் நமக்கு, இந்த இரக்கத்தை உணர்வது கடினமாகுமா? பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆம் நமக்குக் கற்பிக்கவில்லையா?

பத்தாவது குருவிடம் பர்சாதி என்னும் யானையும் இருந்தது. அஸ்ஸாம் நாட்டு இளவரசர் ரத்தன் ராய் அளித்த காணிக்கை அது. அன்பினால் வந்த காணிக்கையை மலைநாட்டு அரசர் பீம் சந்த் தமக்கு வேண்டுமென்று கேட்டபோது குரு மறுத்துவிட்டார், பகை வளர்ந்தது. பக்தர் தந்த பொருள் பலம் மிக்கவருக்குப் பணியக்கூடாது என்பதே அவர்கள் அதில் காணும் பாடம்.

இவ்வரலாற்றில் நம் மனம் கனக்கும் பக்கங்களும் உள்ளன. ஆசிரியன் அவற்றை மறைக்கலாகாது. ஒன்பதாவது குரு தேக் பகதூர் ஔரங்கசீப்பின் ஆட்சியில் 1675இல் தில்லியில் கொல்லப்பட்டார். பத்தாவது குருவின் இளம் புதல்வர் இருவர் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை எதிர்த்து அவையிலேயே குரல் எழுப்பியவர் மலேர்கோட்லாவின் நவாப் ஷேர் முஹம்மது கான் என்பதையும், அந்நன்றியைச் சீக்கியர் இன்றளவும் மறக்கவில்லை என்பதையும் நம் பிள்ளைகள் சேர்த்தே அறிய வேண்டும். அனந்தபூரை இழந்து மாச்சிவாராக் காட்டில் தனித்து நின்ற குருவை, நபி கான், கனி கான் என்னும் இரு பட்டாணியர், உச்ச நகரத்துப் பீர் என்று கூறிப் பல்லக்கில் சுமந்து காத்தனர். அவ்விருவரும் குருவுக்குக் குதிரை விற்றுவந்த வணிகர்கள் என்கிறது சீக்கிய மரபு. அரசுகள் மோதிக்கொண்ட காலத்தில், குதிரை வணிகத்தில் பிறந்த நட்பு ஓர் உயிரைக் காத்தது. அரபுக் குதிரைகளைக் காயல் துறையில் இறக்கிய வணிகரையும், இராவுத்தர் என்னும் பெயரையும் நினைவில் கொண்ட நம் சமுதாயம் இச்செய்தியை நெருக்கமாகவே உணரும்.

குரு இறுதியாக வாழ்ந்த நாந்தேடில், அவருடைய குதிரையின் வழிவந்தவை என்று நம்பப்படும் குதிரைகள் இன்றும் பேணப்படுகின்றன. விழா ஊர்வலங்களில் ஏறுவோர் இன்றியே அவை நடத்திச் செல்லப்படுகின்றன. பஞ்சாப் மாநிலத்தின் பறவையும் ராஜாளியே. அங்கு அதன் பெயர் ‘பாஸ்’.

இந்தப் பெயரைச் சொன்னவுடன் வகுப்பில் ஒரு மாற்றம் தெரிந்தது. பக்தாதில் அடங்கியிருக்கும் கௌதுல் அஃழம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களுக்குரிய சிறப்புப் பெயர்களுள் ஒன்று ‘அல்பாஸுல் அஷ்ஹப்’ அல்லவா? வெண்சாம்பல் நிற ராஜாளி என்பது அதன் பொருள். நம் பெரியோர் ஒரு வலியுல்லாஹ்வைப் பறவையின் பெயரால் போற்றியபோது, அப்பறவையை வணங்கவில்லை. தாழப் பறவாத உயர்வையும், குறி தவறாத பார்வையையுமே போற்றினர். சீக்கியர் தம் குருவின் கையில் காண்பதும் ஏறத்தாழ அதுவே.

வணக்கம் வேறு, கண்ணியம் வேறு. இபாதத் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அன்பும் மரியாதையும் படைப்புகளிடையே பரவுவதற்காகவே அவன் அருளியவை. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர், பிறர் நேசிப்பதையெல்லாம் வணக்கம் என்று கருதிப் பழிப்பார். அல்லது தம் நேசத்தையே வணக்கமாக்கிக்கொண்டு வழி தவறுவார். இரண்டிலிருந்தும் நம்மையும் நம் மக்களையும் அல்லாஹு தஆலா காத்தருள்வானாக. அண்டை அயலாரின் அன்பைப் புரிந்துகொள்ளும் விரிந்த நெஞ்சை நம் பிள்ளைகளுக்கு அளிப்பானாக. ஆமீன்.