உமியோடு போனது

சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நெற்குவியல்கள் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்த மாசி மாதத்து மாலைப் பொழுது அது. நம் பங்கின் மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பேசியை எடுத்து நம் மேசைமீது வைத்தார்.

"சாமி, இதுல அவுங்க பேசுனது கேக்க மாட்டேங்குது. நீங்கதான் இதைச் சின்னதாக்கிக் குடுத்தீங்களாம், பேரன் சொல்றான். பழைய பெரிசு உங்ககிட்ட இருக்குமா?"

நம்மிடம் இல்லை. இன்று எவரிடமும் இல்லை. அது இல்லாமற் போனதில் நமக்குரிய பங்கைச் சொல்லவே இக்கட்டுரை.

அவருடைய கணவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஆலயத்தில் பாட்டுக்குத் தலைமை ஏற்றவர். ஆர்மோனியம் பழுதானால் தாமே திறந்து, தாமே சீர் செய்வார். அவர்களுடைய திருமணப் பொன்விழாவை உயிர்ப்புக் காலத்து ஞாயிறு ஒன்றில் திருப்பலியோடு கொண்டாடினோம். வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் வேளையில், நாம் கேளாத ஒன்றை அவர் மனைவியின் காதருகே குனிந்து சொன்னார். அம்மையாருக்கு அந்தக் காது மந்தம். ஆலயம் நிறைந்த சனங்களின் முன் 'என்ன?' என்று கேட்க வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டார். மக்கள் கைதட்டினர். முதல் வரிசையில் நின்ற பேரன் நாற்பது நிமிடத் திருப்பலியையும் தன் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தான்.

மகன் குவைத்தில் கட்டட வேலையில் இருந்தார். விடுப்புக் கிடைக்கவில்லை. அன்றிரவே அவர் காணொளியைக் கேட்க, பேரன் அனுப்ப முயன்று தோற்று, மறுநாள் நம்மிடம் வந்தான். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களில் ஆளில்லா ஆலயத்தில் நாம் திருப்பலி ஒப்புக்கொடுத்து அதனைக் கைப்பேசி வழியாக வீடுகளுக்கு அனுப்பி வந்தோம். அன்று முதல் இவ்விடயத்தில் நமக்கு ஒரு பெயர் உண்டு. அதிற் பாதி தகுதியற்ற பெயர் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

பேரனின் கோப்பு ஐந்து ஜிகாபைட்டுக்கும் மேல் இருந்தது. முழு எச்.டி. அளவில் எடுத்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 130 மெகாபைட் பிடிக்கும். நாற்பது நிமிடங்களுக்குக் கணக்கிட்டுக் கொள்ளலாம். வாட்சப் செயலியோ நெடுங்காலம் காணொளிகளுக்கு 16 மெகாபைட் என்றே எல்லை வைத்திருந்தது. 2022 முதல் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் இரண்டு ஜிகாபைட் வரை செல்லும். ஐந்து அதிலும் அடங்காது.

நாம் மடிக்கணினியில் ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளைத் திறந்தோம். படத்தை 480 வரிகளுக்குக் குறைத்தோம். படத்திற்கு நொடிக்கு 400 கிலோபிட், ஒலிக்கு ஒற்றைத் தடத்தில் 32 கிலோபிட் என்று அமைத்தோம். இதில் கணக்கு எளிது: நொடிக்கான பிட்டுகளை மொத்த நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் கோப்பின் எடை வந்துவிடும். 432ஐ 2,400ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 130 மெகாபைட். மூலத்தில் ஒரு நிமிடம் இருந்த இடத்தில் இப்போது நாற்பது நிமிடமும் அடங்கிற்று. நமக்குப் பெருமை தாங்கவில்லை. மாலைத் திருப்பலிக்கு மணி அடிக்கும் நேரமாகியிருந்ததால், 'மிக விரைவு' என்றிருந்த பொத்தானையே அழுத்தியிருந்தோம். இதற்குப் பின்னால் வருவோம்.

கோப்பு குவைத் சென்றது. மகன் உணவு இடைவேளையில் தோழர்களோடு அமர்ந்து பார்த்து அழுதாராம். பேரன், "ஃபாதர், போன்ல இடமே இல்ல, பெரிசை என்ன பண்ண?" என்று கேட்டான். "இனி அது எதற்குத் தம்பி? அழித்துவிடு" என்றோம். மடிக்கணினியில் இருந்த படியையும் அன்றே நீக்கினோம். பத்து மாதங்கள் கழித்து அப்பெரியவர் இறைவனடி சேர்ந்தார்.

அம்மையார் வந்துபோன இரவில், உண்மையில் என்ன செய்தோம் என்பதை அறியும் பொருட்டு நூல்களையும் கணினியையும் புரட்டினோம். முதலில் அறிந்தது நம்மைச் சற்றே தேற்றியது: 'மூலம்' என்று நாம் சொல்வதும் மூலமன்று. முழு எச்.டி. படம் ஒன்றில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட்டு, நொடிக்கு முப்பது படம் என்று வைத்தால் ஒரு நிமிடத்திற்கே 11 ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும். கைப்பேசி பதிவு செய்யும் அந்த நொடியிலேயே அதனை எண்பதில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்துவிடுகிறது. பீடமும் தூண்களும் அசையாதவை. ஆகவே அவற்றைப் படத்திற்குப் படம் திரும்ப எழுதாமல், அசைந்த கையை மட்டும் குறித்துக்கொள்கிறது. மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை அறியுமளவு நிறத்தின் நுட்பத்தை அறியாது. ஆதலின் நிறத்தைக் குறைவாகவே சேமிக்கிறது. எஞ்சியதைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் அலைகளின் கூட்டாக மாற்றி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளைக் கழித்துவிடுகிறது.

இந்தக் கடைசி வேலைக்குரிய கணிதத்தைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்பதை அறிந்தபோது வியந்தோம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1972இல் இவ்வாய்வுக்குப் பொருளுதவி கேட்டு அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். மிக எளிதாகத் தோன்றுகிறது என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. மறு கோடையில் ஊதியமின்றியே அவ்வேலையைத் தொடர்ந்தார். நடராஜன் என்ற ஆய்வு மாணவரோடும் கே. ஆர். ராவ் என்ற நண்பரோடும் சேர்ந்து 1974 சனவரியில் நான்கு பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று நம் கைகளில் ஓடும் ஏறத்தாழ ஒவ்வொரு படத்திலும் அந்த நான்கு பக்கங்கள் உண்டு. பின்னர் 1988இல் 'எம்பெக்' என்னும் பன்னாட்டுக் குழுவைத் தொடங்கியோருள் ஒருவரான லியோனார்தோ கியாரிலியோனே, டூரின் நகரின் சலேசியப் பள்ளியில் பயின்றவர். தொன் போஸ்கோவின் மைந்தர்கள் இதை அறிந்திருக்கக்கூடும்.

ஒலிக்கும் இதே நியதிதான். பேரொலியின் அருகில் உள்ள மெல்லொலியைக் காது கேளாது என்பது அறிவியல். கேளாததைச் சுமப்பானேன் என்று கருவி அதைத் தள்ளிவிடுகிறது. பிட்டுகள் குறையக் குறையத் தள்ளுவதும் மிகும். அன்று ஆலயத்தில் மின்விசிறிகள் சுழன்றன, மக்கள் கைதட்டினர், ஆர்மோனியத்தின் துருத்தி இன்னும் அடங்கவில்லை. அவற்றினிடையே ஒரு முதியவர் மனைவியிடம் சொன்ன நாலைந்து சொற்கள். எல்லார் காதுக்குமாகக் கணக்கிடும் கருவி அவற்றைத் தேவையற்றவை என முடிவு செய்தது. பெரிய கோப்பில் முதன்முறை பார்த்தபோது தாத்தா பேசியது கேட்டது என்று பேரன் உறுதியாகச் சொல்கிறான். என்ன சொன்னார் என்பதுதான் அவனுக்கு நினைவில்லை. விளையாட்டுப் பிள்ளை, அவனைக் குறை சொல்வதற்கில்லை.

நெல் நாட்டில் வாழும் நமக்கு இது புதிதன்று. நூறு கிலோ நெல் கொடுத்தால் 68 கிலோ புழுங்கலரிசி என்பது அரசின் அரவைக் கணக்கு. உமி போகத்தான் வேண்டும், உமியோடு எவரும் உண்பதில்லை. ஆயினும் தீட்டத் தீட்ட உமியோடு தவிடும், தவிட்டோடு உயிர்ச்சத்தும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சாவகத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் மடங்கி விழுவதைக் கண்டார். அது தவிட்டில் இருந்த ஒன்றின் இழப்பால் என்று பின்னர் தெளிவாயிற்று. நம் முன்னோர் நெல்லை அவித்துப் புழுக்கியதால் அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே ஏறித் தங்கிற்று. நாம் அழுத்திய 'மிக விரைவு' பொத்தான் இங்குதான் நம்மை உறுத்துகிறது. அதே மென்பொருளில் 'மெதுவாக' என்றொரு வழியும் உண்டு. அதில் கணினி இரவெல்லாம் உழைக்கும், ஆனால் அதே எடைக்குள் கூடுதலான நுட்பத்தைக் காக்கும். ஒரு புழுக்கல் நேரம் பொறுத்திருக்கலாம்.

இவ்வாறு சிந்திக்கையில், குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. இரண்டாம் நூற்றாண்டில் சீரியா நாட்டுத் தாத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் பின்னி ஒரே நூலாக்கினார். 'தியாத்தெசரோன்' என்பது அதன் பெயர். முரண் நீங்கிற்று, திரும்ப வருவன நீங்கின, தூக்கிச் செல்ல இலகுவாயிற்று. சீரிய மொழி பேசிய சபைகள் அதையே நெடுங்காலம் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தெயோதொரேத் தம் மறைமாவட்டத்தில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட படிகளைக் கண்டு, அவற்றை அகற்றி, நான்கு நற்செய்திகளையும் மீண்டும் வைத்தார். அதில் இயேசுவின் தலைமுறைப் பட்டியல்கள் விடப்பட்டிருந்தன என்பது அவருடைய குறை. குருமடத்தில் அந்த ஆயரை நாம் சற்றே கடுமையானவராக எண்ணியதுண்டு. பெயர்ப்பட்டியலுக்காகவா இவ்வளவு? இப்போது அவர் பக்கம் நம் மனம் சாய்கிறது.

ஆயினும் சிறிதாக்குவதையே பழிப்பது நன்றன்று. நம் கடற்கரையின் தரங்கம்பாடியில், சீகன்பால்கு ஐயர் காலத்தில் ஆல்லே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. கப்பலில் வந்த செஷயர் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றதற்கு அச்சிற்றெழுத்தும் ஒரு காரணம். அது லூத்தரன் சபையினரின் உழைப்பு, எனினும் தமிழ் வாசிக்கும் நாமும் அதற்குக் கடன்பட்டவர்களே. அந்த 130 மெகாபைட் இல்லையேல், குவைத்தில் இருந்த மகன் தன் பெற்றோரின் பொன்விழாவைக் கண்டிருக்கவே மாட்டார். எழுத்தைச் சிறிதாக்கியோர் ஒரு சொல்லையும் விடவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

வாசகர் கேட்கலாம்: அப்படியெனில் என்ன செய்வது? நம் உழவர் செய்வதைச் செய்யலாம். அரைவைக்குப் போகும் நெல் வேறு, விதைநெல் வேறு. விதைநெல்லை எவரும் ஆலைக்கு அனுப்புவதில்லை, இல்லத்தில் பசி இருந்தாலும் குதிரில் தனியே இருக்கும். நம் பங்கில் இப்போது புற வன்தட்டு ஒன்று வாங்கி, திருமுழுக்குப் பதிவேடுகள் இருக்கும் இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறோம். திருமணமோ அடக்கமோ, எவர் எடுத்தாலும் மூலக்கோப்பு முதலில் அதற்குள் செல்லும். அனுப்புவதற்கென்று படி ஒன்று பிறகு செய்யப்படும். முகம் தெரிய வேண்டிய நிகழ்ச்சியானால் 720 வரிகளுக்குக் கீழே போவதில்லை. பேச்சும் பாட்டும் உள்ளதானால் ஒலிக்கு 96 கிலோபிட்டுக்குக் குறைப்பதில்லை. படத்தோடு ஒப்பிட்டால் ஒலிக்கு ஆகும் செலவு அற்பம், அதில் கஞ்சத்தனம் செய்தது அறிவீனம். முன்பே சுருக்கியதைத் திரும்பவும் சுருக்கினால் இழப்பின்மேல் இழப்பு ஏறும் என்பதால், எப்போதும் மூலத்திலிருந்தே படியெடுக்கிறோம். முதியோர் வீடுகளில் பழைய கைப்பேசிகள் இருக்கும். அவற்றுட் பல 2013இல் வந்த எச்.265 என்னும் புதிய முறையைப் படிப்பதில்லை. 2003இன் எச்.264 எங்கும் ஓடும். வன்தட்டும் ஒருநாள் பழுதாகும் என்று கேள்வியுற்று, இரண்டாவதையும் வாங்கப் பங்குப் பேரவையில் கேட்டிருக்கிறோம். கணக்கர் இன்னும் இசையவில்லை.

அழிந்த கோப்பை மீட்க முடியுமா என்று தஞ்சையில் இத்தொழில் செய்வோரிடம் பேரனின் கைப்பேசியைக் காட்டினோம். அழித்த இடத்தின்மேல் ஓராண்டுக்கும் மேலாக வேறு பதிவுகள் ஏறிவிட்டன என்றார்கள். நம் மடிக்கணினியிலும் அதே கதை. அம்மையாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அழிக்கச் சொன்னவர் நாமே என்பதையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சாமிக்கு மட்டும் தெரியுமா, அவுங்க போயிருவாங்கன்னு" என்றார். அதில் கோபம் இருந்ததா என்று நம்மால் கண்டுகொள்ள இயலவில்லை. இருந்திருந்தால் அது நியாயமே.

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், சில வாரங்களில் அவர் பங்கு இல்லத்திற்கு வருகிறார். நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மடிக்கணினியைத் திறந்து, நல்ல ஒலிபெருக்கி ஒன்றை இணைத்து, பதினேழாம் நிமிடத்திலிருந்து ஓடவிடுகிறோம். முகங்கள் சதுரங்களாகச் சிதறும், மீண்டும் கூடும். பெரியவர் குனிகிறார். அந்த இடம் வருவதற்கு முன் நாம் எழுந்து, அறையின் மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். அம்மையார் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு திரையை நோக்கிச் சாய்கிறார்.