ஐந்துக்கு ஐந்து

பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் கொல்லைக்கு ராகி விளைச்சலைக் கணக்கிடும் அறுவடைப் பரிசோதனைக்குப் போனால் இரண்டு வேண்டுகோள்கள் வரும். பெருமைக்காரர், "சார், மேலண்டைப் பக்கம் கதிர் திரண்டிருக்கு, அங்க அறுங்க" என்பார். காப்பீடு கட்டியவர் காய்ந்த மூலையைக் காட்டுவார். இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போய் நிற்போம். சமவாய்ப்பு எண் சொல்கிற அடிகளை எண்ணி நடந்து, நின்ற இடத்தில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் போட்டு, உள்ளே இருப்பதை அறுத்து எடை போடுவோம். சொத்தைத் திட்டில் விழுந்தாலும் நகர்த்தக் கூடாது.

கிராமம், சர்வே எண், கொல்லை, கட்டம் என எல்லாப் படியிலும் குலுக்கல்தான். எங்கள் கண்ணை நம்பாததே இந்த முறையின் பலம். 'சராசரிக் கொல்லை' என்று அனுபவசாலி தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஜீப் போகிற ரோட்டோரத்தில்தான் இருக்கும்!

கட்டத்தின் அளவுக்கே 1940களில் பெரிய வாதம் நடந்தது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் சிறிய கட்டங்களை ஆதரித்தார். அவை விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்றார் இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே. நான் சுகாத்மே கட்சி. ஒரு மீட்டர் கட்டத்தில் சதுர மீட்டருக்கு 4 மீட்டர் எல்லை; ஐந்து மீட்டர் கட்டத்தில் 80 சென்டிமீட்டர்தான். எல்லைக் கயிற்றை ஒட்டி நிற்கும் பயிரை உள்ளே சேர்க்கத்தான் கை போகும், விட்டுவிட மனசு வராது. நம் கட்டம் ஹெக்டேரில் 400இல் ஒரு பங்கு. 100 கிராம் கூடினால் கணக்கில் ஹெக்டேருக்கு 40 கிலோ ஏறிவிடும்.

இந்தப் பக்கத்து ராகியில் ஊடே அவரைச் சால் ஓடும். கட்டத்துக்குள் எத்தனை சால் விழுகிறது என்பதே எடையை மாற்றிவிடும். சித்தேரி மலைச் சாமை இன்னும் சிரமம். சரிவில் கொல்லைக்குக் கொல்லை விளைச்சல் வேறு. கட்டத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை, கொல்லைகளைக் கூட்ட வேண்டும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு கொல்லைகளில் அறுக்க வேண்டும். ஆனால் எல்லா ஊரிலும் அறுவடை ஒரே சமயத்தில் வந்து நிற்கும், அத்தனைக்கும் நேரம் கிடைக்காது.

2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு இந்த எடைக்குப் பண மதிப்பு இன்னும் கூடிவிட்டது. "என் கொல்லை காய்ஞ்சுது, பணம் ஏன் சார் வரல?" என்று கேட்கிறார்கள். இழப்பீடு பார்ப்பது அறிவிக்கப்பட்ட கிராமத்தின் அல்லது பிர்காவின் சராசரியை. எங்கள் குலுக்கல் கூறெடுப்பு அந்தச் சராசரியைத்தான் சொல்லும். தனி ஒருவரின் கொல்லையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை, கட்டம் அவர் கொல்லையிலேயே விழுந்திருந்தாலும்.