பதரி செல்லும் வழியில்

தமிழகத்திலிருந்து பதரிக்கு வருவோர் ரயிலிலேயே இரண்டு மூன்று நாட்களைக் கழித்தாக வேண்டும். தில்லியில் வாழும் நமக்கோ ரிஷிகேசம் ஓர் இரவுத் தொலைவுதான். ஆயினும் இங்கே ரயில்வேயில் எழுத்தராகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் நாங்கள் அப்பக்கம் போனதில்லை. 2024 அக்டோபரில்தான் அன்னையாரையும் அழைத்துக்கொண்டு கணவனும் மனைவியுமாய்ப் புறப்பட்டோம். 2018இல் காலமான தந்தையாருக்குப் பதரியிலுள்ள பிரம்மகபாலத்தில் பிண்டம் இடுவதே நோக்கம்.

எங்கள் ரயில்வே பாஸ் ரிஷிகேசத்தோடு தீர்ந்தது. அப்பால் ஏறத்தாழ 295 கிலோமீட்டர் மலைச்சாலை. கர்ணப்பிரயாகை வரை 125 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கமாம். ரயில்காரர்களாகிய நாங்கள் அதை வியந்து பேசினோம். "மலைக்குள்ளேயே போனால் கங்கையை எப்படியப்பா பார்ப்பது?" என்றார் அன்னையார்.

தேவப்பிரயாகையில் இறங்கினோம். பாகீரதி இரைந்து பாய்ந்து வருகிறாள். அலகநந்தை அடங்கி வருகிறாள். இருவரும் கூடிய பின்னரே கங்கை என்ற பெயர். படித்துறையில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள்; அதைப் பற்றிக்கொண்டே முழுக வேண்டும். படியேறினால் ரகுநாதர் கோயில். பெரியாழ்வார் பாடிய திருக்கண்டங்கடிநகர் இதுவே என்பர். பதரியின் பண்டாக்கள் பலருக்கும் இதுவே சொந்த ஊர். அவருள் ஒருவர், "பிரம்மகபாலத்தில் பிண்டம் இட்டால் பிதிரர் கரையேறிவிடுவர், பிறகு ஆண்டுதோறும் சிராத்தம் வேண்டியதில்லை" என்றார். உண்மையைச் சொல்வதானால், எங்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆவணியில் திதி வந்தால் விடுமுறைக்கு விண்ணப்பிப்பதும், வாழை இலை தேடிச் சந்தை சந்தையாய் அலைவதும் இவ்வூரில் உள்ள நம்மவர் அறிந்ததே. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை.

சீநகரைத் தாண்டி, நீர்த்தேக்கத்தின் நடுவே தூண்கள்மீது நிற்கும் தாரி தேவியைக் கும்பிட்டோம். அணைக்காக 2013 ஜூனில் அம்மனை இடம் பெயர்த்த மறுநாளே பெருவெள்ளம் வந்தது என்று அப்பகுதியார் இன்றும் சொல்கிறார்கள். ருத்திரப்பிரயாகையில் மந்தாகினி வந்து கலக்கிறாள். கேதாரத்துக்கு வழி அங்கே பிரிகிறது. நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் சுட்டது இவ்வூரை அடுத்தே. அவரும் மொகாமாவில் ரயில் சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருந்தவர், நம் இனம்! கர்ணப்பிரயாகையையும் நந்தப்பிரயாகையையும் பஸ்ஸிலிருந்தே தரிசித்தோம்.

ஜோசிமடத்தில் இரவு தங்கினோம். செல்லும் அன்பர்கள் இதைத் தவிர்க்க வேண்டா. இவ்வூர் 1,900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பதரியோ 3,100 மீட்டர். முதியோர்க்கு மூச்சுப் பழக வேண்டும். ஆழ்வார் பாடிய திருப்பிருதி இதுவென்பது வழக்கு. இங்குள்ள நரசிங்கரின் ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்து வருகிறதாம். அது முறியும் நாளில் மலைகள் சேர்ந்து பதரிக்கு வழி அடைபடும் என்பது ஐதிகம். 2023 சனவரியில் நிலம் இறங்கி நூற்றுக்கணக்கான வீடுகள் வெடித்த ஊரும் இதுவே. ஆளில்லாத ஒரு வீட்டைப் பார்த்து அன்னையார் நின்றுவிட்டார். சுவரில் விரல் நுழையும் பிளவு. முற்றத்தில் காய்ந்த துளசி.

அன்றிரவு கம்பளிக்குள்ளிருந்து அவர் கேட்டார்: "தம்பி, அங்கே போட்டுவிட்டால் பிறகு திதியே கிடையாதா?"

"தேவையில்லை என்கிறார்கள், அம்மா."

"உன் பிள்ளைகள் தாத்தாவை அறிவது அந்த ஒரு நாளில்தான். அவருக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலை நான் சமைப்பதும் அன்றைக்குத்தான். அவரைக் கரையேற்றிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்தவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

நாங்கள் பேச்சற்றுப் போனோம். அங்கே இட்ட பின்னும் வீட்டில் திதி கொடுப்போர் உண்டு என்று மெல்லச் சொல்லிப் பார்த்தோம். அவர் மனம் ஒப்பவில்லை.

மறுநாள் பதரியில் பனிக்காற்று எலும்பைத் துளைத்தது. தப்தகுண்டத்து வெந்நீரில் நீராடி, கேரளத்து நம்பூதிரியான ராவல் பூசிக்கும் பெருமானைத் தரிசித்தோம். பின் அலகநந்தைக் கரையோரமாய்ப் பிரம்மகபாலத்துக்கு நடந்தோம். எள்ளும் நீரும் மட்டும் விட்டோம், பிண்டம் இடவில்லை. புரோகிதர் எங்களை ஏற இறங்கப் பார்த்தாரேயன்றி வற்புறுத்தவில்லை. அன்னையார் ஒரு பாறைமேல் அமர்ந்து, நீலகண்ட சிகரத்தின் பனியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கிலோமீட்டர் அப்பாலுள்ள மாணா கிராமத்துக்கு அவரால் வர இயலவில்லை. சரசுவதியின்மேல் கிடக்கும் வீமன் பாலத்தை நாங்களும் பாராமலே திரும்பினோம்.

2025 ஆவணியில் திதி வந்தது. வாழை இலைக்கு இரண்டு சந்தைகள் அலைந்தோம். முதற்பிடி சோற்றைக் காக்கைக்கு வைக்க இம்முறை சிறியவன் மாடிக்குப் போனான்.