கிண்டியில் நின்று பார்க்கும் இரண்டு நாடுகள்

வெளியூர் வாசகர்களுக்குக் கிண்டி என்றதும் நினைவுக்கு வருவன மான்களும், பாம்புப் பண்ணையும், காந்தி மண்டபமும்தாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வந்து சிறுவர் பூங்காவைச் சுற்றிக் காட்டிவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். இரயில் நிலையத்தின் மறுபுறம் வேறொரு கிண்டி இருக்கிறது. அங்கே மான்கள் இல்லை; மனிதர்கள் பிழைப்புத் தேடும் இடம் அது. அடுத்த முறை வரும்போது அங்கேயும் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள்.

அதன் பெயர் திரு.வி.க. தொழிற்பேட்டை. காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958-இல் தொடங்கப்பட்டது. சாலை, மின்சாரம், கொட்டகை ஆகியவற்றை அரசே அமைத்துக் கொடுத்துச் சிறுதொழில் முனைவோரை அழைத்து உட்கார வைத்த திட்டம் அது. ஒருகாலத்தில் தெருவுக்குத் தெரு கடைசல் பட்டறை ஓசை கேட்ட பேட்டையில், இன்று கண்ணாடி பதித்த உயரமான கணினி அலுவலகங்களும் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே பழைய பட்டறைகள் சில இன்னும் விடாப்பிடியாக இயங்கிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பேட்டையின் ஆலந்தூர் சாலையில் வேலைவாய்ப்பு அலுவலக வளாகம் ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது, 1978-இல் ஏற்பட்டது. மீனம்பாக்கம் விமான நிலையமோ மெட்ரோ இரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளி. ஆக, வெளிநாட்டு வேலைக்கு வழி கேட்கும் இடமும், விமானம் ஏறும் இடமும் கூப்பிடு தூரத்தில் அமைந்துவிட்டன!

நம் சமுதாயத்துக்குச் சபுர் புதிதல்ல. ரஜுலா, சிதம்பரம் கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-லும், சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-லும் நம் முன்னோர் எழுப்பியவை. இன்றும் மகன் வளர்ந்து நின்றால், 'சிங்கப்பூருக்கு அனுப்புவதா, மலேசியாவுக்கு அனுப்புவதா?' என்னும் பேச்சு வீட்டில் எழுகிறது. 'சிங்கப்பூர் வெள்ளிக்கு மதிப்பு அதிகம்' என்று யாரேனும் சொல்வார். அத்துடன் ஆலோசனை முடிந்துவிடும். இவ்வளவு பெரிய கேள்விக்கு இவ்வளவு சிறிய விடை போதுமா என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இரண்டு நாடுகளும் 1963 செப்டம்பரில் ஒரே கூட்டரசாயின. 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தன. பிரிந்த பிறகும் 1973 வரை இரண்டின் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சமமாகச் செல்லுபடியாயின. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆண்டொன்றுக்குத் தலைக்கு வரும் உற்பத்தி மதிப்பு சிங்கப்பூரில் 80,000 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. மலேசியாவில் ஏறத்தாழ 12,000 டாலர்.

கிண்டிப் பேட்டை தோன்றி மூன்றாண்டு கழித்து, 1961-இல்தான் சிங்கப்பூரில் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணி தொடங்கியது. சதுப்பு நிலத்தைத் தூர்த்த அந்தத் திட்டத்தை, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடமை என்றுகூடக் கேலி செய்தார்கள். இயற்கை வளம் எதுவும் இல்லாத தீவு அது. குடிநீரே அண்டை நாட்டிலிருந்து வருகிறது. 1962-இல் செய்த உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். 2061 வரை அது செல்லும். அண்டை வீட்டுக் குழாயை நம்பிக் குடித்தனம் நடத்துவது எத்தகையது என்று 2019 கோடையில் குடத்துடன் காத்துநின்ற சென்னைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவேதான் 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்கும் வேலையில் சிங்கப்பூர் இறங்கியது, கடல்நீரையும் குடிநீராக்குகிறது. இல்லாமையே அந்த நாட்டை விழித்திருக்கச் செய்தது எனலாம்.

மலேசியாவுக்கு ஈயமும், இரப்பரும், செம்பனையும், பின்னர் எண்ணெயும் இறைவன் கொடுத்தான். அது சோம்பியிருந்ததாக எண்ணிவிடாதீர்கள். சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் தகுதியை 1969-இல் இழந்து தவித்த பினாங்கு, 1972-இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை அமைத்து இன்டெல் நிறுவனத்தை வரவழைத்தது. நம் கைபேசியிலும் கணினியிலும் இருக்கும் சில்லுகளுக்கு இன்றும் அது பெரிய ஊர்.

நிலைத்தன்மை என்று பார்த்தால், சிங்கப்பூரில் 1959 முதல் ஒரே கட்சியின் ஆட்சி. இதுவரை பிரதமர்கள் நால்வரே. மலேசியா 1969 மே 13 கலவரத்தின் காயத்தைக் கண்டது. அதன் விளைவாக 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரருக்கு முன்னுரிமை தந்தது. அங்குள்ள தமிழரின் மனக்குறை அதிலிருந்தே பேசப்படுகிறது. 2018 முதல் 2022-க்குள் நான்கு பிரதமர்கள் புதிதாகப் பதவியேற்றார்கள். ஆனால் அத்தனை மாற்றமும் வாக்குச்சீட்டாலும் நாடாளுமன்றக் கணக்காலுமே நடந்தது என்பதை நான் குறையாகக் கருத மாட்டேன்.

வாழ்க்கைத் தரத்துக்கு வருவோம். சிங்கப்பூர்க் குடிமக்களில் பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள்; சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியைக் கொண்டே அவற்றை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்குகிறார்கள். மகிழுந்து வாங்கவோ அனுமதிச் சான்று ஏலம் எடுக்க வேண்டும். 2023-இல் அச்சான்றே ஒரு இலட்சம் வெள்ளியைத் தாண்டியது! மலேசியாவில் வீட்டு வாசலில் வண்டி நிற்கும், பெட்ரோல் மலிவு. சிங்கப்பூர் வண்டிகள் எல்லை தாண்டிப் போய் அதை நிரப்பி வராதபடி, புறப்படும்போதே தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ் சிங்கப்பூரில் ஆட்சிமொழி. எனினும் தமிழ்வழிப் பள்ளி அங்கில்லை. மலேசியாவில் ஆட்சிமொழி இல்லை. ஆனால் 500-க்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் உள்ளன. மலேசிய முஸ்லிம் சிறுகச் சிறுகச் சேமித்து ஹஜ்ஜுக்குப் போக 1963 முதல் தாபுங் ஹாஜி நிறுவனம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1975 முதல் முஸ்லிம் ஊழியரின் சம்பளத்தில் மாதம் ஒரு சிறு தொகை பிடித்துப் பள்ளிவாசல்கள் கட்டினார்கள்.

இவையெல்லாம் குடிமக்களின் வாழ்க்கை. உங்கள் மகன் குடிமகனாகப் போகவில்லை. வேலை அனுமதிச் சீட்டுடன் போகிறான். நம் குடும்பங்கள் பார்க்கத் தவறும் வேறுபாடு இதுதான்.

சிங்கப்பூரில் சாதாரண 'ஒர்க் பெர்மிட்' உள்ளவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள முடியாது. மாதம் 6,000 வெள்ளிக்குக் குறையாத சம்பளத்துடன் எஸ் பாஸோ எம்ப்ளாய்மெண்ட் பாஸோ உள்ளவருக்கே அந்த வழி திறக்கும். மலேசியாவிலும் தோட்டம், கட்டடம், உணவகம் ஆகியவற்றில் வேலை செய்ய வருவோர்க்குக் குடும்பத்துடன் வாழ அனுமதியில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது, சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் இருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியே நடமாட முடியாமல் இருந்தனர். அவர்களில் தமிழக இளைஞர் பலர். சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே தீவில், அடுக்குமாடியில் குடியிருந்தவர் கண்ட சிங்கப்பூர் வேறு. பன்னிரண்டு பேர் அறையில் இருந்தவர் கண்ட சிங்கப்பூர் வேறு.

ஆதலால் எந்த நாடு என்று கேட்பதற்கு முன், எந்தச் சீட்டு என்று கேளுங்கள், தாய்மார்களே. பட்டயமோ தொழிற்பயிற்சிச் சான்றிதழோ கையில் இருப்பவனுக்குச் சிங்கப்பூரில் உயர வழியுண்டு. அது இல்லாமல், நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் போகிறவனுக்கு முதல் ஆண்டுச் சம்பளம் கடனுக்கே போகும். கிண்டியிலேயே அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டாண்டு அங்கே செலவிட்டுவிட்டுப் புறப்படுவது தாமதம் ஆகாது என்பது என் கருத்து.

இன்னொன்று. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா, இந்தியர்க்கு விசாவின்றி 30 நாள் தங்கும் சலுகையை அறிவித்தது. சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும் வந்த சலுகை அது. 'முதலில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லும் தரகரை நம்பாதீர்கள். நாள் கடந்து தங்கினால் அபராதமும் சிறையும் நாடுகடத்தலும் நேரும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியாவுக்கு வேலைக்குப் போக நம் அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூருக்கு அந்த விதி இல்லை. ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அது இயலாதவர் பணம் கட்டுமுன் ஆலந்தூர் சாலை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் விசாரித்துக்கொள்வது நல்லது.