எத்தனை குதிரை வேண்டும்?

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு, அறிவியல் பிரிவு மாணவியர்)

நாங்கள் ஒவ்வொருத்தியும் அரைக் குதிரை! சிரிக்காதீர்கள் தோழியரே, இயற்பியல் ஆசிரியையின் முன்னிலையில் கடிகாரம் வைத்துக் கணக்கிட்டுக் கண்ட உண்மை இது. எங்கள் பள்ளி மாடிப்படியின் உயரம் 4 மீட்டர். 45 கிலோ எடையுள்ள ஒருத்தி அதை 4 விநாடியில் ஓடி ஏறினால் அவளுடைய திறன் 441 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். வகுத்துப் பாருங்கள், அரைக் குதிரைக்குச் சற்று மேலேயே வரும். நாங்கள் தடதடவென்று ஓடிய ஓசையில் தலைமைச் சகோதரியின் அறைக்கதவு திறந்ததும், அக்கணமே நாங்கள் எல்லோரும் கால் குதிரையாகிப் போனதும் வேறு கதை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தோம். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். சூளகிரிக்குப் பக்கத்துக் கிராமத்தவள் என்பதால் சூளகிரிக்காரி என்றே வைத்துக்கொள்வோம். அவள் அண்ணன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறார். தீபாவளிக்கு முன் தவணையில் 300 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். மூன்றாம் மாதம், நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் வளைவில் மணல் கொட்டிக் கிடந்தது தெரியாமல் விழுந்து கால் முறிந்தது. நாங்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம்.

கால் முறிந்தது அண்ணனுக்கு; தண்டனை கிடைத்ததோ தங்கைக்கு. அவள் அப்பா அந்த மோட்டார் சைக்கிளை வந்த விலைக்கு விற்றுவிட்டார். தாழ்வாரத்தில் நின்ற தம்முடைய பழைய டி.வி.எஸ். 50 வண்டிக்கும் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிவிட்டார். "இனி இந்த வீட்டில் யாருக்கும் வண்டி கிடையாது" என்று தீர்ப்பாயிற்று. அந்த மொபெட்டைத்தான் ஓட்டிப் பழகி, மாலைத் தனி வகுப்புக்கு வருவதாக இருந்தாள் எங்கள் தோழி. அவள் ஊருக்கு ஐந்தரை மணிக்குப் பிறகு பஸ் இல்லை. தனி வகுப்பு முடிய ஆறரை ஆகும். இரண்டு மாதமாக அவள் பாதி வகுப்பில் எழுந்து போனாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் சரிந்தது. ஆட்டோமொபைல் பொறியியல் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லி வருபவள் அவள். "பன்னிரண்டோடு போதும்" என்ற பேச்சும் அந்த வீட்டில் தொடங்கியிருந்தது.

அண்ணனோ கட்டுப்போட்ட காலோடு கைபேசியில் கார்ப் படங்கள் பார்த்துக்கொண்டிருந்தார். "கால் சரியாகட்டும். இரண்டு சக்கரமே வேண்டாம். விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கிவிடுவேன். ஆனால் 200 குதிரையாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அதில் என்ன சந்தோஷம்?" என்றார். அரைக் குதிரைகளாகிய எங்களுக்கு இது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. அடுத்த வாரம் பதிலோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை ஆசிரியையிடம் கேட்டோம். அவர் கோயம்புத்தூர்க்காரர். அன்று ஒளியியல் பாடம் நடக்கவில்லை! குதிரையை மட்டும் எண்ணாதீர்கள், அந்தக் குதிரை எத்தனை எடையை இழுக்கிறது என்றும் கேளுங்கள் என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்.

1958-இல் இங்கிலாந்தில் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சாதாரணக் குடும்பக் காரின் 948 சி.சி. எஞ்சின்தான், 43 குதிரை. ஆனால் காரின் எடை முக்கால் டன்னுக்கும் குறைவு. 1989-இல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி எம்.எக்ஸ்-5 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரை, எடை ஒரு டன்னுக்குள். அதைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தியுள்ள கார்கள் அப்போதே உலகில் இருந்தன. இருந்தும் 2016-க்குள் அந்த வரிசையில் பத்து லட்சம் கார்கள் தயாராகிவிட்டன.

"அதெல்லாம் சீமைக் கதை மிஸ்" என்றாள் பாகலூர்த் தோழி. அப்போதுதான் ஆசிரியை தம் ஊர்க் கதைக்கு வந்தார். கோவையில் கரிவரதன் என்றொருவர் இருந்தார். பந்தயக் கார் என்றாலே கோடீசுவரர் விவகாரம் என்றிருந்த காலத்தில், 1988-இல், ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நம் தெருவில் ஓடிய மாருதி 800-இன் எஞ்சின்! 796 சி.சி., மூன்று சிலிண்டர். தெருக்காரில் அது தந்த சக்தி 40 குதிரைக்குள் அடங்கும். ஃபார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். எல்லோரிடமும் ஒரே எஞ்சின் இருந்ததால் பணத்தைக் கொட்டி ஜெயிக்க வழியில்லை. நேர்ச்சாலையில் பாய்ந்து முந்தவும் சக்தி போதாது. ஆகவே வளைவில் வேகத்தை வீணாக்காமல் திரும்பத் தெரிந்தவனே முந்தினான். ஒருமுறை தேவையில்லாமல் பிரேக் போட்டால், இழந்த வேகத்தைத் திரும்பப் பெற அந்தச் சின்ன எஞ்சின் வெகுநேரம் மூச்சு வாங்கும். கரிவரதன் 1995-இல் காலமானார். செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

"பெண்கள்?" என்று கேட்டவள் சூளகிரிக்காரிதான். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் மோட்டார் சைக்கிள் பந்தயமாகிய பாஹா உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார் என்றும், நம் ஓசூர் டி.வி.எஸ். பந்தய அணியில் ஓட்டியவர் என்றும் ஆசிரியை சொன்னார். அவள் அதைக் கணக்கு நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொண்டாள்.

மறு ஞாயிறு நோட்டுடன் போய் அண்ணனிடம் கணக்கை விரித்தோம். ஆளோடு சேர்த்து மாருதி 800-க்கு டன்னுக்குச் சுமார் 50 குதிரை. எம்.எக்ஸ்-5-க்கு 110-ஐ ஒட்டி வரும். அவர் ஓட்டிய ரகத்து மோட்டார் சைக்கிளுக்கோ 30-க்கு மேற்பட்ட குதிரை, ஆளும் வண்டியும் சேர்ந்து கால் டன் கூட இல்லை. ஆகவே டன்னுக்கு 120-க்கும் மேல்! "உங்களிடம் இருந்தது ஸ்போர்ட்ஸ் காரையும் மிஞ்சிய வண்டி அண்ணா. அதன் முழுச் சக்தியை எத்தனை தடவை பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு தடவைகூட இல்லை. காலையில் ராயக்கோட்டைத் தக்காளி வண்டிக்குப் பின்னால்தான் போவேன். கொஞ்சம் முறுக்கினாலே பயம். பயத்தைத்தான் சந்தோஷம் என்று நினைத்துவிட்டேன் போல" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய 200 குதிரைகளை மன்னித்துவிட்டோம்.

தாழ்வாரத்தில் அவள் அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எங்கள் தோழி எழுந்து வெளியே போனாள். "அப்பா, நான் கேட்கிறது அண்ணன் வண்டி இல்லை. உங்க வண்டி. அதிலே இருக்கிற குதிரையை ஒரு கை விரலிலே எண்ணிடலாம்" என்றாள். குரல் நடுங்கிற்று. நாங்கள் உள்ளே தட்டில் இருந்த முறுக்கைக் கடிக்கவும் அஞ்சி உட்கார்ந்திருந்தோம். "வண்டின்னா எல்லாம் வண்டிதானேம்மா" என்றார் அவர். தெலுங்கு பேசும் அவள் பாட்டி, "சாலு, சாலு" என்று இருவரையும் அடக்கினார். போதும் என்று பொருள். யாருக்கு எது போதும் என்று சொன்னார் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த மொபெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இருவர் அமரும் முதல் இந்திய மொபெட்டாக 1980-இல் எங்கள் ஓசூரில் பிறந்த வகை அது. பால்கேனும் புல்லுக்கட்டும் பிள்ளைகளும் ஏறாத டி.வி.எஸ். 50 இந்தப் பக்கத்தில் உண்டா? இன்னொரு செய்தியும் உண்டு. பதினாறு வயது நிரம்பியவர், பெற்றோர் சம்மதத்துடன், கியர் இல்லாத 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு உரிமம் பெறலாம் என்பது சட்டம். நாங்கள் அந்தச் சட்டத்தை முத்து முத்தாக ஒரு தாளில் எழுதி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் வாரம் அவள் வகுப்புக்குள் ஓடி வந்து, "அப்பா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைச்சிட்டிருக்கார்டீ!" என்றாள். அதற்குப் பிறகும் பதிவைப் புதுப்பித்து, பழகுநர் உரிமம் வாங்கி, ஹெல்மெட்டும் வாங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

மனைகளாகப் பிரித்து வீடு கட்டாமல் கிடந்த ஓர் இடத்தில் அவள் முதல் சுற்று ஓட்டினாள். நாங்கள் ஐவரும் கல்லின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வேகமுள் 30-ஐத் தொடவில்லை. அவள் போட்ட கூச்சலோ சூளகிரி வரை கேட்டிருக்கும். கோடியில் சின்ன மேடு ஒன்று. அதில் வண்டி திணறிற்று. அவள் சட்டென்று பெடலை மிதிக்கத் தொடங்கினாள், எஞ்சினோடு தன் அரைக் குதிரையையும் சேர்த்து. அவள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மேட்டின்மேல் ஏறி நின்றதும் அவருக்கு மூச்சு வாங்கிற்று.

"போதுமாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு சுற்றுப்பா" என்று சொல்லி அவள் வண்டியைத் திருப்பினாள்.