மைசெல்ஃபும் அப்பாவும்

நம்ம ஊர்ல இங்கிலீஷ் பேச ஆரம்பிக்கிற பாதிப் பேர் முதல்ல பிடிச்சுக்கிற வார்த்தை 'மைசெல்ஃப்' தான். கையை நீட்டி, 'மைசெல்ஃப் இன்னார்'. நானும் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்தான், ஹி ஹி. காலேஜ் முதல் வருஷம் ஹாஸ்டல்ல ஒருத்தன் கிண்டல் பண்ணினப்புறம்தான் திருந்தினேன்.

திருந்தினவன் சும்மா இருந்திருக்கலாம். 1998-ல அப்பா என்னைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வந்தார். மஞ்சப் பையில அம்மா குடுத்துவிட்ட முறுக்கு. என் ரூம் பசங்களுக்குக் கை குடுத்து, 'மைசெல்ஃப்' போட்டுத் தன் பேரைச் சொன்னார். ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கிட்டாங்க. எனக்கு மானமே போன மாதிரி இருந்துச்சு. 'அப்பா, அது தப்பு, ஐ ஆம்னு சொல்லணும்'னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டேன். 'அப்படியாப்பா, சரி'ன்னு சிரிச்சார். அதுக்கப்புறம் என் ஃப்ரெண்ட்ஸ் யார்கிட்டயும் அவர் ஒரு இங்கிலீஷ் வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

சரி, ஏன் தப்பு? செய்யறதும் செய்யப்படுறதும் ஒரே ஆளா இருந்தாத்தான் செல்ஃபுக்கு வேலை. 'ஐ கட் மைசெல்ஃப்' - வெட்டினதும் நான், வெட்டுப்பட்டதும் நான். தமிழ்ல இந்த வேலையைப் பெரும்பாலும் 'கொள்' பார்த்துக்குது: வெட்டிக்கிட்டேன். இன்னொரு வேலை அழுத்தம் குடுக்கிறது. 'ஐ குக்ட் இட் மைசெல்ஃப்'னா நானே சமைச்சேன். நம்ம ஏகாரமேதான்! ஆனா 'ஐ' இருக்க வேண்டிய நாற்காலியில மைசெல்ஃப் தனியா வந்து உட்கார முடியாது.

காதல் கதை எழுதறவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். 'தே லுக்ட் அட் தெம்செல்வ்ஸ்'னா ரெண்டு பேரும் கண்ணாடியில அவங்கவங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டாங்கன்னுதான் தோணும். கண்ணும் கண்ணும் நோக்கணும்னா 'ஈச் அதர்' போடுங்க சாமிகளா.

இவ்வளவு தெரிஞ்ச மேதை 2007-ல என்ன பண்ணினேன்? ஒரு க்ளையன்டுக்கு, 'ப்ளீஸ் சென்ட் இட் டு மை மேனேஜர் அண்ட் மைசெல்ஃப்'னு மெயில் அனுப்பினேன். 'மீ'ன்னு போட்டா மரியாதைக் குறைவோன்னு ஒரு நினைப்பு. அனுப்பப்போறது அவர், வாங்கப்போறது நான். ஆளே வேற, அப்புறம் எங்கேர்ந்து செல்ஃப்? 'மீ' போதும். (வெள்ளைக்காரங்களும் இந்தத் தப்பை நிறையவே பண்றாங்க, அது ஒரு ஆறுதல்.) மேனேஜர் என்னைத் தனியா கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, மெதுவா சொன்னார். வேற யாருக்கும் தெரியாது. வெளிய வந்து என் சீட்ல உட்கார்ந்தா ஹாஸ்டல் ரூமும் மஞ்சப் பையும்தான் கண்ணுக்குள்ள நிக்குது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போதான் அப்பாகிட்ட பேச்சை எடுக்க தைரியம் வந்துச்சு. 'நீங்க அன்னைக்குச் சொன்னது முழுசா தப்பு இல்லப்பா. லெட் மீ இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்னு ஒண்ணு இருக்கு. நீங்க முன்பாதியை விட்டுட்டீங்க, அவ்ளோதான்'னேன்.

அப்பா கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியில துடைச்சுக்கிட்டே சொன்னார்: 'அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா. பஸ்ல வழி பூரா சொல்லிப் பார்த்துக்கிட்டுல்ல வந்தேன்.'