நெடும்பயண வண்டியும் எமது வண்டியும்

வேகமும் நெடும்பயணச் சுகமும் ஒரே வண்டியில் அமைதல்வேண்டும் என விரும்புவோர்க்கென ஆக்கப்பட்ட நடுத்தர மோட்டார்ச் சைக்கிள்களுள் ஹொண்டா வீ.எவ்.ஆர். 800 பெயர்பெற்றது. இலண்டனில் வாழும் எமது வகுப்புத் தோழர் ஒருவரிடம் 2002ஆம் ஆண்டு வெளிவந்த வகை ஒன்று உண்டு. அங்கு சென்றிருந்தபோது அதன் பின்னாசனத்தில் அமர்ந்து நெடுந்தூரம் சென்றோம்.

நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு வால்வுகள் இருப்பினும், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்றுகளை எட்டும்வரை இரண்டே தொழிற்படும். அதன்மேல் நான்கும் திறக்க, ஓசையே வேறாகிவிடும். முன்புறக் கவசம் காற்றை விலக்குகின்றது. பின்சில்லை ஒரு பக்கத்துத் தண்டே தாங்குதலால் கழற்றுதல் எளிது. தாங்கி 22 லீற்றர் பெற்றோல் கொள்ளும். புகைக்குழாய்களை ஆசனத்தின் கீழ் வைத்தவரை மட்டும் எம்மால் மெச்ச இயலவில்லை. பின்னால் இருப்போரை அவர் எண்ணிலர் போலும்.

"இதனைக் கண்டாவளைக்குக் கொண்டுவந்தால் எப்படி?" என நண்பர் வினவினார். பரந்தன்–முல்லைத்தீவு வீதி இப்போது செம்மையானது. அதுவரை தடையில்லை என்றோம். மாரிகாலத்து ஒழுங்கைச் சேற்றில் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட வண்டியைத் தூக்கிவிட எத்தனை பேர் வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தோம்.

எம் உள்ளத்தில் நின்றதோ எம்.டி. 90. அதுவும் ஹொண்டாவே; யப்பானியத் தபாற்காரருக்கென ஆக்கப்பட்டது. 89 கன சென்ரிமீற்றர், ஒரே சிலிண்டர். 1990களில் தடையினாற் பெற்றோல் அரிதாகியபோது, சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. பிளக்கிற் கரி படியும். துடைத்துவிட்டு மீண்டும் உதைப்போம்.

2009 சனவரியில் கிளிநொச்சி படையினர் வசமானபின், மனைவியையும் பிள்ளைகள் இருவரையும், அரிசி மூட்டையையும் தறப்பாளையும் அதில் ஏற்றி, தருமபுரம், விசுவமடு எனக் கிழக்கே சென்றோம். வீதி நிறையச் சனம். நடப்போரின் வேகமே எமது வேகம். இவ்வண்டிக்குக் கிளச்சுப் பிடி கிடையாது. எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் எஞ்சின் நின்றுபோகாது, இடக்கையும் ஓய்ந்திருக்கும். அக்கையால், எமக்கு முன்னே நின்ற மகனை அணைத்துக்கொண்டோம். தபாற்காரர் கடிதம் எடுத்துக் கொடுப்பதற்கு உதவும் வசதி அது.

மே மாதத்தில் அவ்வண்டியை முள்ளிவாய்க்கால் மணலில் நிறுத்திவிட்டு, நால்வரும் வட்டுவாகலை நோக்கி நடந்தோம். தாங்கியில் அரைப்பங்கு மண்ணெண்ணெய் இருந்தது.